தலைகீழ் முள்

உம்மா மௌத்தான செய்தி வந்தபோது ஸக்கரியா வில்கமுவ நெல்லாலை முற்றத்தில், தன் லொறியின் நிழலில் குந்தித் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். காலை பஸ்ஸில்தான் மாத்தளையிலிருந்து வந்து இறங்கியிருந்தான். ஒரு மூட்டைகூட இன்னும் ஏறவில்லை. அழைத்தவன் தம்பி பஸ்லி.

"நானா, உம்மா போயிட்டாங்க நானா. காய்ச்சல் கொறஞ்சு கஞ்சியும் குடிச்சாங்க. பொறகு கண்ண மூடினவங்கதான்."

ஸக்கரியாவுக்குக் கோப்பை கையில் இருப்பதே மறந்துபோனது. "எப்ப அடக்கம்?"

"பின்னேரம், அஸருக்குப் பொறகு. நீங்க வந்துருவீங்கதானே?"

"வராம? லொறி கையில ஈக்கி. இந்தா வெளிக்கிட்டுட்டன்."

வீட்டுக்கு மூத்தவன் அவன். வாப்பாவை அடக்கிய நாளில் கபுறுக்குள் இறங்கி, மையித்தைக் கையில் வாங்கி வைத்தவனும் அவன்தான். அன்று மண் அப்பிய சாரத்தோடு வீடு திரும்பியவனைப் பார்த்து உம்மா சொன்னாள், "என்னயும் நீதான் எறக்கணும், கேட்டியா?" அவன் சாரத்து மண்ணைத் தட்டிவிட்டான். மூத்த மகன் இறங்காமல் வேறு யார் இறங்குவது? அதற்கெல்லாம் வாக்குக் கொடுப்பார்களா என்ன?

ஏறிச் சாவியைத் திருப்பினான். டீசல் முள்ளைப் பார்த்தான். அது அடியில் விழுந்து கிடந்தது. அப்பாடா என்று கிளம்பினான்.

வேறு எந்த டிரைவரும் அப்படிக் கிடக்கிற முள்ளைப் பார்த்து அப்பாடா என்றிருக்க மாட்டான். அந்த லொறியின் கோணல் குணத்தை இங்கே சொல்லாமல் முடியாது. டேங்கிக்குள்ளே ஒரு மிதவை இருக்கும். டீசல் ஏறினால் தானும் ஏறி, இறங்கினால் தானும் இறங்கி, எவ்வளவு மிச்சம் என்று முள்ளுக்குச் சொல்லும். அதை டேங்க் யுனிட் என்பார்கள். நாட்டுக்குள் சாமானே வராத அந்தப் பஞ்ச வருஷத்தில் அது துருவேறி உதிர்ந்துபோனது. லொறியோ, செய்த ஜப்பான்காரனே மறந்துபோன மொடல். மாத்தளை, தம்புள்ள, கண்டி என்று உடைசல் கடை ஒன்று விடாமல் அண்ணனும் தம்பியும் சல்லடை போட்டுத் தேடினார்கள். எல்லாக் கடைக்காரரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் வேறொரு கொம்பனி லொறியின் யுனிட்டை வளைத்து நெளித்துப் பொருத்தியதில், அது எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்ல ஆரம்பித்தது. டேங்கி நிறைந்தால் முள் கீழே விழும், காய்ந்தால் மேலே ஏறும். இதைக் கேட்டு உம்மா சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. "நாடே தலைகீழா ஈக்கி, லொறிய மட்டும் ஏன்டா ஏசுறீங்க?"

பழகினால் எதுவும் சரியாகத்தானே தெரியும். கீழே கிடக்கும் முள் என்றால் நிறைந்த டேங்கி என்று இருவருக்கும் கண்ணே பழகிவிட்டது. இன்னொரு வழக்கமும் அவர்களிடம் இருந்தது. லொறியை மற்றவன் கைக்கு விடுகிறவன் டேங்கியை நிரப்பித்தான் விடவேண்டும். பஸ்லி அதில் ஒருநாளும் தவறியவனில்லை. உம்மாவுக்குக் காய்ச்சல் என்று முந்தாநாள் அவன்தான் லொறியை ஆலையில் விட்டுவிட்டு ஊருக்குப் போனான். பிறகென்ன சந்தேகம்?

ஹெட்டிப்பொலயில் பெற்றோல் ஷெட் வெறிச்சோடிக் கிடந்தது. டீசல் அடிக்கிறவன் கதிரையில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். ஸக்கரியா முள்ளை ஒரு பார்வை பார்த்தான். பிரேக்கில் கால்கூட வைக்கவில்லை.

பல்லேகமயைத் தாண்டி, இலுக்கும்புர ஏற்றத்தில் எஞ்சின் இருமியது. குலுங்கியது. நின்றது.

கெபினைத் தூக்கி, ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினான். டீசலுக்குப் பதில் காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. டேங்கி நிறைய டீசல் இருக்கும்போது காற்று எங்கிருந்து வரும்? குழாயில் எங்கேயோ வெடிப்பு. வேறென்ன? பழைய டியூப்பைக் கீறி, குழாயின் ஒவ்வொரு மூட்டாகச் சுற்றிக் கட்டினான். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கப்போய் டீசல் கறையும் கண்ணில் பட்டு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து மாத்தளை பஸ் முக்கி முனகி ஏறி வந்தது. அன்றைக்கு அந்தப் பாதையில் இனி வேறு பஸ் இல்லை. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று சிங்களத்தில் கேட்டான், "ஏறுறீங்களா முதலாளி?"

ஸக்கரியா பஸ்ஸைப் பார்த்தான், லொறியைப் பார்த்தான். சின்னக் காற்றடைப்பு. ஸ்டார்ட் ஆனால் இந்த நத்தையை ரத்தோட்டைக்கு முன்னாலேயே முந்திவிடலாம். "நீங்க போங்க" என்று கையைக் காட்டினான். அவனுடைய போதாத காலம் அந்தக் கையில் இருந்தது.

மறுபடி சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினான், மறுபடி திருப்பினான். பெட்டரி முனகி முனகி ஓய்ந்தது. ஃபோனில் சிக்னல் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள் புருஷன், பெண்சாதி, பிள்ளை, அரிசி மூட்டை என்று ஒரு குடும்பத்தையே சுமந்துகொண்டு போனது. நிறுத்தச் சொல்லி என்ன பிரயோசனம்? வெயில் சரிந்தது. "யா அல்லாஹ், அடக்கம் முடியிற வரைக்கும் ஓடினாப் போதும். அதுக்குப் பொறகு இந்த லொறி எனக்கு வேணாம், எடுத்துக்கோ" என்று வாய்விட்டுக் கெஞ்சினான். நடுரோட்டில் நின்று லொறியின் டயரை உதைத்தான். உதைத்த கால்தான் வலித்தது.

கடைசியில் டேங்கியில் மாட்டிய குழாயைப் பிடுங்கி, வாயை வைத்து உறிஞ்சினான். ஒன்றும் வரவில்லை. உள்ளே கசடு அடைத்திருக்கும் என்று பலங்கொண்ட மட்டும் ஊதினான். டீசல் குமிழியிட்டுச் சத்தம் கேட்கவேண்டும். கேட்கவில்லை. கையை நீட்டி டேங்கியின் மேல்பக்கத்தில், யுனிட் பூட்டிய இடத்தைத் தடவினான். எப்போதும் அப்பிக் கிடக்கும் பிசுக்கு அங்கே இல்லை. எட்டிப் பார்த்தான். துடைத்த தகடு, புதுத் திருகுகள், புது வாஷர், வயரில் புதுசாய்ச் சுற்றிய சிவப்பு டேப்.

மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தான். நுனிகூட நனையவில்லை.

முள் பொய் சொல்லவில்லை. அத்தனை வருஷத்துக்குப் பிறகு, இன்றைக்கென்று அது உண்மையைச் சொல்லியிருந்தது.

சிக்னல் தேடி வளைவு வளைவாக மேலே ஓடினான். முதல் மணியிலேயே பஸ்லி எடுத்துவிட்டான்.

"நானா! எங்க ஈக்கிறீங்க? எத்தன தரம் எடுத்தன்! குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, எல்லாம் முடிஞ்சி. சனம் எல்லாம் நிக்கிது."

"இலுக்கும்புர ஏத்தத்துல. லொறி நின்டுட்டு."

பஸ்லியின் குரல் சின்னதாகிப்போனது. "நானா, டீசல் அடிச்சீங்கதானே? நான் யுனிட்ட மாத்தினன் நானா. தம்புள்ளயில அசல் சாமானே கெடச்சிச்சு. டேங்கிய கழுவத்தான் டீசல எறக்கினன், கொஞ்சந்தான் திரும்ப ஊத்தினன். முள்ளு இப்ப சரியாக் காட்டுதேன்டு பாத்து சந்தோசப்படுவீங்கன்டு நெனச்சன். சொல்லணும்னுதான் ஈந்தன். உம்மாட காய்ச்சல்ல எல்லாம் மறந்துட்டு. அடிச்சீங்கதானே நானா?"

ஸக்கரியா ஏச வாயெடுத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, மடையா? ஒரு துண்டுக் கடதாசியைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் என்ன? உம்மாவின் முகத்தையும் பார்க்கவிடாமல் செய்துவிட்டாயே பாவி. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் உம்மாவைக் கபுறுக்குள் வாங்கப்போவது அந்த மடையனுடைய கைகள்தான். இதைச் சொன்னால் அந்தக் கைகள் இன்றைக்கும் நடுங்கும், அவன் சாகும்வரையும் நடுங்கும்.

"அடிச்சேனே. ஹெட்டிப்பொலயில நெறைய அடிச்சன். பம்புதான் போயிட்டு."

"மெய்யா நானா?"

"மெய்தான்டா. முள்ளு பாக்கத் தெரியாத ஆளா நான்?"

பஸ்லி மூச்சு விட்டது மலைக்கு இந்தப் பக்கம் கேட்டது. "அப்ப மஃரிப் வரைக்கும் வெச்சிக்கட்டா? நான் சொன்னாக் கேப்பாங்க."

பொழுதுபடும் மஃரிப் வரை என்ன, இரவு இஷா வரை என்ன, அவன் போய்ச் சேரமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும்.

"வேணாம். உம்மாவ காக்க வெக்காதீங்க. நீ எறங்கு தம்பி. தலப்பக்கம் நீ புடி. மெதுவா வை."

வைத்ததும் ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து அழுதான். பார்க்க ஆளில்லை என்பதால் வாய்விட்டே அழுதான். பிறகு தொழும் திசையான கிப்லாவைக் குறிவைத்து நின்று, உம்மாவுக்காகத் தனியாக ஜனாஸாத் தொழுதான். மையித்துக்கான அந்தத் தொழுகையில் குனிவதும் இல்லை, நிலத்தில் நெற்றி வைப்பதும் இல்லை. நின்றபடியே தொழுது முடித்தான்.

லொறிக்கு இறங்கி வந்தான். பஸ்லியைத் தெரியும் அவனுக்கு. விடிந்ததும் மெக்கானிக்கோடு வந்து நிற்பான், முதல் வேலையாகப் பம்பைக் கழற்றிப் பார்ப்பான். ஸக்கரியா ஸ்பானரை எடுத்து, ஒரு குறையுமில்லாத அந்தப் பம்பைக் கழற்றினான். அதற்குள்ளே இருந்த சின்ன வால்வை நோண்டி எடுத்துப் பள்ளத்தில் எறிந்தான். பம்பையும் பிடுங்கிய குழாயையும் முன்போலவே பூட்டினான்.

பிறகு வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு, தம்பி வருவதற்குள் டேங்கியை நிரப்பிவிட, டீசல் தேடிக் கீழே நடந்தான்.