வடிவாக் கேக்குதோ?

“ரெண்டு மைக்கையும் தனித்தனியாக் கூட்டிக் குறைக்க ஏலுமோ?” என்று சிவானந்தன் கேட்டான்.

“ஓம் அண்ணை, அதுக்குத்தானே மிக்ஸர்” என்றான் நிசாந்தன், கேபிள் சுற்றுகிற கையை நிறுத்தாமலே.

வால்தம்ஸ்டோவில் இருந்த அவனுடைய கராஜுக்குள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே மூன்று பேர் நெருக்கிக்கொண்டு நிற்கத்தான் இடம் இருந்தது. கலியாண வீடுகளுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் சவுண்ட் போடுகிறவன் நிசாந்தன். புதுச் சாமான் வந்ததும் பழையதைத் தெரிந்த ஆட்களுக்கு மலிவாகத் தள்ளிவிடுவான். மலிவு என்ற சொல் காதில் விழுந்தால் சிவானந்தன் லண்டனின் எந்த மூலைக்கும் போவான். இந்த மூலைக்கு ரெய்னர்ஸ் லேனிலிருந்து தன் காரில் அவனை ஏற்றி வந்தவன் பக்கத்து வீட்டு வாசுதேவன். திருச்சிக்காரன், கம்ப்யூட்டர் வேலை. ஒரு கெட்டில் வாங்குவதென்றாலும் பத்துப் பேருடைய அபிப்பிராயத்தைப் படித்துவிட்டு வாங்குகிற ஆள்.

“சிவா அண்ணா, இத பாருங்க” என்று வாசுதேவன் ஒரு மூலையைக் காட்டினான். ஒரே பெட்டி. ஸ்பீக்கர், அம்ப்ளிஃபையர், எக்கோ எல்லாம் அதற்குள்ளேயே. இரண்டு வயர்லெஸ் மைக்கும் கூடவே வரும். முகப்பில் வட்டமாகக் கலர் லைட் ஓடியது. “வீட்டு ஹாலுக்கு இதுவே தாராளம். விலையும் பாதிதான். மிக்ஸர், தனி ஸ்பீக்கர் எல்லாம் எதுக்கு?”

இதே மாதிரி ஒரு பெட்டியின் படத்தைத்தான் மனைவி சிவகௌரியும் போனில் காட்டியிருந்தாள். சிவானந்தன் குனிந்து பார்த்தான். இரண்டு மைக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு திருகு. கூட்டினால் இரண்டும் கூடும், குறைத்தால் இரண்டும் குறையும். அவன் நிமிர்ந்து சிரித்தான்.

“உங்கடை கௌரி அக்கா பாடேக்கை குறைக்க ஒரு வழி வேணுமே, தம்பி.”

வாசுதேவன் வாய்விட்டுச் சிரித்தான். நிசாந்தனும் சிரித்தான், கேபிளைச் சுற்றிக்கொண்டே. சிவானந்தனும் அவர்களோடு சேர்ந்து சிரித்து முடித்தான். முடித்த பிறகுதான், அங்கே இல்லாத ஒரு மனுசியை மூன்று ஆம்பிளைகள் சிரிக்கிறதற்குத் தான் தூக்கிக் கொடுத்துவிட்டதாகப் பட்டது. அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டு மிக்ஸருக்குப் பேரம் பேசத் தொடங்கினான்.

சிவகௌரி ஒரு காலத்தில் ஐந்தரைக் கட்டையில் பாடியவள். ஹரோ பக்கம் எந்தத் தமிழ் வீட்டில் விசேஷம் நடந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னால் யாராவது ஒருவர் “கௌரி, ஒரு பாட்டு” என்று கேட்பார்கள். அவளும் பிகு பண்ணாமல் எழுந்து பாடுவாள். அப்போது சிவானந்தன் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ தானே பாடுவது மாதிரி மிதப்பாக உட்கார்ந்திருப்பான். பிறகு தைரொய்டில் ஒரு கட்டி வந்தது. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. குரல் மெல்ல மெல்லத் திரும்பும் என்றார் டொக்டர். திரும்பி வந்தது என்னவோ வேறு யாருடையதோ குரல். பேசும்போது அவ்வளவாகத் தெரியாது. பாடினால் பாதி வரிக்கு மேல் காற்றுத்தான் வரும், மேலே போகும்போது கீறல் விழும்.

போன வருஷம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்த பிறந்தநாள் விழாவில், வேண்டாம் என்று அவன் கண் காட்டியும், அவள் எழுந்து பாடினாள். பின்வரிசையில் இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின. மேசையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் திடீரென்று ரோல்ஸ் சாப்பிடுகிற வேலை வந்தது. சிவானந்தன் தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்காக அவன் வருந்தியிருக்கலாம். வருந்தவில்லை. தன்னைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று காது மடல்வரை எரிந்தது. வரும் வழியில் காரில், “ஹோல் குளிர் உமக்குத் தொண்டைக்குக் கூடாது, இனி அங்கையெல்லாம் பாடவேண்டாம்” என்றான். அவள் கார்க் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தாள். பிறகு, “அப்ப வீட்டிலை பாடுறன். கரோக்கே ஒண்டு வாங்கித் தாங்கோ. எங்கடை ஆக்களை மட்டும் கூப்பிடுவம்” என்றாள். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

மிக்ஸரும் ஸ்பீக்கர்களும் வீடு வந்த அன்று சிவகௌரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தேயிலைப் பையை இரண்டு தரம் பிழிகிற மனுசன், மலிவுப் பெட்டி இருக்க அதை விட்டுவிட்டு இதை வாங்கி வந்திருக்கிறான். அவளால் நம்ப முடியவில்லை.

“நான் காட்டினது பாதி விலைதானே. ஏனப்பா இவ்வளவு செலவழிச்சனீங்கள்?”

“நல்ல சவுண்ட் வேணுமெல்லோ. உமக்குத்தானே.”

அவள் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சமையலறைக்குப் போய் ஒரு துணி எடுத்து வந்து, தூசியே இல்லாத மிக்ஸரைத் துடைத்தாள். சிவானந்தனுக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஸ்பீக்கரைத் தூக்கி வைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டான்.

மகள் மயூரா பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். மிக்ஸரில் மேலும் கீழும் தள்ளுகிற நாலு கட்டைகள் இருந்தன. எது எந்த மைக்குக்கு என்று குழம்பாமல் இருக்க வெள்ளை டேப்பைக் கிழித்து, ஒன்றன் கீழ் ‘அம்மா’ என்றும் மற்றதன் கீழ் ‘அப்பா’ என்றும் எழுதி ஒட்டினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து, கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

“ட்ரை பண்ணுங்கோ அம்மா.”

சிவகௌரி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “வடிவாக் கேக்குதோ?” என்றாள். மிக்ஸருக்குள்ளிருந்த எக்கோ அதை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது.

இந்த ‘வடிவா’ அவர்கள் வீட்டில் ஒரு பழைய பகிடி. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில் வாசுதேவனின் மனைவி வத்சலாவிடம் “வடிவாச் சாப்பிடுங்கோ” என்று சிவகௌரி சொல்லப்போய், அவள் பயந்துபோய்க் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் கேட்டிருக்கிறாள். அழகாகச் சாப்பிடச் சொல்கிறார்கள் என்று நினைத்தாளாம். யாழ்ப்பாணத்தாருக்கு வடிவு என்றால் அழகும்தான், நல்லாவும்தான், தெளிவாவும்தான். எந்த இடத்தில் எது என்று சொல்கிறவர் மனத்துக்குத்தான் தெரியும். இப்போது இவள் கேட்பது எதை என்று சிவானந்தன் யோசிக்கவில்லை.

“வடிவாக் கேக்குது” என்றான். பிறகு, சாதாரணமாகச் சொல்வதுபோல, “ஆனா ஒண்டு. ஆக்கள் நிறைஞ்சா அவை சத்தத்தை உறிஞ்சிப் போடுவினம். பாடுறவைக்குத் தங்கடை குரல் காதிலை விழாது. நீர் அதுக்குப் பயப்பிடாமல் பாடும்” என்றான்.

“அப்பிடியோ?” என்றாள் அவள். ஓம் என்றான். அவள் நம்பினாள். சவுண்ட் விஷயம் அவனுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை பின்னேரம் தெரிந்த ஆட்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வந்தார்கள். ஊரில் சிவகௌரியின் அயலில் இருந்த தில்லையம்பலம் அண்ணையும் தவநாயகி அக்காவும் முதலாவதாக வந்து சோபாவில் இடம் பிடித்தார்கள். வாசுதேவனும் வத்சலாவும் கேக் கொண்டுவந்தார்கள். வெட்டி, ஊட்டி, படம் எடுத்து முடிந்ததும் மயூரா டிவியில் பாட்டின் வரிகளை ஓடவிட்டாள். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற பழைய பாட்டு. சிவகௌரி மெரூன் சேலையில், மைக்கோடு நடுவில் நின்றாள். சிவானந்தன் ஒரு கையில் மைக்கும் மற்றக் கை மிக்ஸரிலுமாக நின்றான்.

முதல் வரியிலேயே கீறல் விழுந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவன் ‘அம்மா’வைக் கொஞ்சம் கீழே இறக்கினான். கொஞ்சம்தான் என்று நினைத்தான். அடுத்த வரி மேலே ஏறுகிற வரி. அது வருமுன்னரே விரல் மறுபடி இறங்கியது. பிறகு இறக்க ஒன்றும் மிச்சம் இல்லை. கட்டை அடியில் போய் இடித்து நின்றது. இசையைக் கூட்டினான். தன் முறை வந்தபோது உரத்துப் பாடினான்.

இசைக்குள் அவளுடைய வாய் மட்டும் அசைந்தது. கழுத்தில் ஒப்பரேஷன் தழும்பு ஏறி இறங்கியது. ஒரு இடத்தில் அவளுக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்கவேண்டும். பாடிக்கொண்டே அவன் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். கேக்குதோ என்று அர்த்தம். சிவானந்தன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவள் முகம் தெளிந்து, கண்ணை மூடிக்கொண்டு, பழைய கௌரி மாதிரி கையால் தாளம் போட்டபடி பாடினாள். அவன் பார்வையைத் திருப்பியபோது வாசுதேவன் அவனைப் பார்த்து, மெல்லக் கண்ணைச் சிமிட்டினான். தப்பான ஆள் இல்லை, கூட்டாளிக்குச் செய்கிற மரியாதையாகத்தான் செய்தான். சிவானந்தனுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் விரலை அந்தக் கட்டையிலிருந்து எடுக்கவுமில்லை, மேலே தள்ளவுமில்லை.

கைதட்டல் பலமாக இருந்தது. அவள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு, ரோல்ஸ் எடுத்து வரச் சமையலறைக்குப் போனாள்.

“சிவா, கௌரிப்பிள்ளையின்ரை மைக் வேலை செய்யேல்லைப் போல கிடக்கு” என்றார் தில்லையம்பலம். தவநாயகி அக்கா அவருடைய தொடையில் கிள்ளியதை எல்லாரும் பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அந்த மனுசனைத் தவிர அறையில் இருந்த எல்லாருக்கும் விஷயம் விளங்கியிருக்கிறது என்று.

“பற்றரி அண்ணை” என்றான் சிவானந்தன். “பற்றரி இறங்கிப் போச்சுது.”

தில்லையம்பலம் நல்ல மனுசன். போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டபடி சிவகௌரியிடம், “பற்றரியை மாத்து பிள்ளை. நீ பாடினது எங்களுக்குக் கேக்கேல்லை. அடுத்த முறை வடிவாப் பாடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினாள். பாத்திரம் கழுவும்போது சிவானந்தனிடம் கேட்டாள். ஓம், பற்றரிதான், தானும் பிறகுதான் கவனித்ததாகச் சொன்னான். “அப்ப ஏன் கையைக் காட்டினனீங்கள்?” என்று அவள் கேட்கவில்லை. கேட்பாளோ என்று அவன் நெடுநேரம் பயந்துகொண்டு படுத்திருந்தான்.

ஞாயிறு காலை அவன் பின்வளவில் உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளிவிட்டு உள்ளே வந்தபோது, ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. சிவகௌரி மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சனல் மாறியது. இன்னொன்று மாறியது. மேசையில் புதுப் பற்றரிப் பெட்டி பிரிபடாமல் கிடந்தது. அவளுடைய மைக் மூடி கழன்று, வயிறு வெறுமையாகக் கிடந்தது. அதன் பற்றரிகளை எடுத்து ரிமோட்டுக்குள் போட்டிருக்கிறாள் என்று விளங்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

“பற்றரி நல்லாத்தான் இருக்குது” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனிடம் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். ஆட்கள் சிரித்துவிடுவார்கள் என்றுதான், உமக்காகத்தான் என்று இரவு முழுக்கச் சேர்த்துவைத்த வசனங்கள் நாக்கு நுனி வரை வந்தன. எனக்காக என்பதுதான் உண்மை.

அவள் ரிமோட்டைத் திறந்து பற்றரிகளை எடுத்தாள். மைக்கில் திரும்பப் போட்டு மூடினாள். மிக்ஸரை ஒருவரும் நேற்றிலிருந்து தொடவில்லை. ‘அப்பா’ உச்சிக்குக் கிட்ட நின்றது. ‘அம்மா’ அடியில் கிடந்தது. மகளுடைய கோணல் எழுத்தின் மேல் சிவகௌரி ஒரு விரலை வைத்து, டேப்பின் நுனி கிளம்பியிருந்ததை அழுத்தி ஒட்டினாள். பிறகு இதற்குத்தானா இந்த மிக்ஸர் என்பதுபோல அந்தப் பெட்டி முழுவதையும் ஒருதரம் பார்த்தாள்.

“மலிவானதையே வாங்கியிருக்கலாம்” என்றாள்.

சிவானந்தனுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் வெட்கமாக இருந்தது. கையில் இலைத்தூசியோடு அப்படியே நின்றான்.

அவள் தன் கட்டையை மேலே தள்ளினாள். பாதியில் நிறுத்தவில்லை, உச்சியில் போய் இடிக்கும் வரை தள்ளினாள். மைக்கை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போய், அவனுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நின்றாள். முதலில் அவளுடைய மூச்சு மட்டும் வந்தது. ஸ்பீக்கர்கள் அதை வாங்கி வீடு முழுக்க ஊதின. சுவருக்கு அப்பால் வாசுதேவன் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

“வடிவாக் கேக்குதோ?” என்றாள்.

காற்றும் கீறலுமாக அந்தக் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. கேக்குதோ, கேக்குதோ என்று எக்கோ தேய்ந்து ஓய்ந்தது. சிவானந்தன் தலையாட்டினான். அவள் திரும்பவில்லை. மைக்கை வாயிலிருந்து எடுக்காமல் காத்துக்கொண்டு நின்றாள், அவனுடைய மைக்கும் ஓன் பண்ணியபடி, மேசையில் சிவப்பு லைட் எரிந்துகொண்டு கிடந்தது.