காக்காவுக்கு விட்ட கட்டம்

சகல பொதுமக்களுக்கும் இதனால் அறியத்தருவது: மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணைக்கு நூறு வயது நிறைந்த ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்பதாம் ஆண்டில், உலக சரித்திரத்திலேயே முதன்முறையாக, ஒரு கலியாணச் சோறு இரசாயன விதிகளின்படி பரிமாறப்பட்டது. மாஸ்கோவில் அல்ல, லண்டனிலும் அல்ல. திருகோணமலை ஓர்ஸ் ஹில் பக்கத்தில், விஞ்ஞான ஆசிரியர் ஜவாஹிரின் வளவில், துறைமுகத்தில் கழித்துவிட்ட தார்ப்பாயின் கீழ்.

மாஸ்டருடைய மகள் றஹ்மாவுக்குக் கலியாணம். முஸ்லிம் வீட்டு விருந்தென்றால் சகன்தான். பெரிய தட்டில் மலையாகச் சோறு, சுற்றிவர ஆறுபேர், எல்லாக் கையும் ஒரே தட்டில். யார் யாரோடு இருப்பது என்பதைப் பசி தீர்மானிப்பதே ஊர்வழக்கம். மாஸ்டர் அந்த அதிகாரத்தைப் பசியிடமிருந்து பறித்து அட்டவணையை அமைத்த ருஷ்ய விஞ்ஞானி மெண்டலேயெவிடம் ஒப்படைத்தார்.

மட்டையொன்றில் கட்டம் கீறி, விருந்தாளிகளை மூலகங்களாக நிரப்பினார். ஒரே நிரலில் வருகிறவர்களுக்கு ஒரே குணம், ஆகவே ஒரே சகன். இடது கரை, தொட்டால் பற்றும் சாதி. லிதியம் தண்ணீரில் சும்மா நுரைக்கும். அதற்குக் கீழே சோடியம் சீறி ஓடும். இன்னும் கீழே பொற்றாசியம் தீயே பிடிக்கும். மாஸ்டரின் மாமன்மார் அந்த நிரல். மூத்தவர் முணுமுணுப்பார், நடுவிலவர் கத்துவார், கடைசியார் கதிரையைத் தூக்குவார். "பாத்தீங்களா, கீழ போகப்போக வேகம் கூடுது!" என்று மாஸ்டர் பூரித்துப்போனார்.

வலது ஓரத்தில் சடத்துவ வாயுக்கள். எவரோடும் சேராத பிறவிகள். அங்கே அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் இராசையாவையும் என்னையும் போட்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், எங்களை மரக்கட்டை எண்டுறீங்களோ?" என்றார் இராசையா.

"இல்ல இராசையா, நிறைவானவங்க எண்டுறன். வெளி ஓடு நிரம்பினா ஆரோடயும் கொழுவத் தேவையில்ல."

"வயிறு நிரம்பினாலும் அப்பிடித்தான். சோத்தைக் கெதியாப் போடுங்கோ."

எங்களுக்கு அடுத்த நிரலில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தது. மெண்டலேயெவ் அப்படித்தான் செய்தாராம். இன்னும் கண்டுபிடிக்காத மூலகங்களுக்கு இடம்விட்டு, அவற்றின் குணங்களை முன்கூட்டியே எழுதிவைத்தாராம். பிறகு அவை ஏறக்குறைய அப்படியே அகப்பட்டனவாம். மாஸ்டரும் தம் வெற்றுக் கட்டத்தின் கீழ் எழுதியிருந்தார்: "பிந்தி வரும். முகத்தைத் தூக்கி வைத்திருக்கும். முதற்பிடியிலேயே உப்புக் குறைவு என்னும்."

யாரென்று ஊருக்கே தெரியும். கிண்ணியாவிலிருக்கும் மஹ்ரூப் காக்கா, மாஸ்டருடைய ஒரே தமையன். அவருடைய மகன் கலியாணத்தில் மாஸ்டர் ஒரு பிடி தின்றுவிட்டு, சபை கேட்க, காரணகாரியங்களோடு, உப்புப் போதாது என்று விளக்கவுரை ஆற்றினார். அன்றோடு இருவருக்குமிடையே கதை நின்றது.

"காக்கா வரணுமெண்டா நீங்க போய்க் கூப்பிடணும். கட்டம் கீறினா வருவாரா?" என்றார் மனைவி நஜ்முன் நிஸா.

"மெண்டலேயெவ் எந்த மூலகத்தையும் வாசலுக்குப் போய்க் கூப்பிடல்ல. இடம் விட்டாரு. வந்திச்சு."

"அந்த மூலகத்துக்கு ரோசம் இருந்திருக்காது."

ஆனால் மட்டை முழுவதிலும் அந்த ஒரு கட்டந்தான் எழுதி அழித்து, எழுதி அழித்துத் தேய்ந்து போயிருந்தது.

கலியாணத்தன்று காலையில் சமையற்காரர் ஜமால்தீனும் மாஸ்டரின் விரிவுரைக்குத் தப்பவில்லை.

"இந்த உப்புல என்ன இரிக்கி தெரியுமா? சோடியம், தண்ணியில போட்டா வெடிக்கும். குளோரீன், ஆளையே கொல்லுற நச்சுவாயு. ஒண்டு அட்டவணையில அந்தக் கரை, மற்றது இந்தக் கரை. ஆனா ரெண்டும் சேர்ந்தா..."

பந்தலில் கடைசி மாமன் கதிரையைத் தூக்கிவிட்டார். மாஸ்டர் ஓடினார். ஜமால்தீன் உப்புச் சாக்கை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதைக் காலால் மெல்லத் தள்ளிவைத்தார்.

மத்தியானம் எல்லாச் சகனும் நிரம்பின, ஒன்றைத் தவிர. அதில் ஐந்துபேர் கழுவிய கையோடு காத்திருந்தார்கள். ஆறாவது ஆள் இல்லாமல் ஆரம்பிக்கக்கூடாதென்று மாஸ்டர் நின்றார். அதனால் மற்றச் சகன்களும் நின்றன.

"மாஸ்டர், நெய் உறையுது! நான் அதுல இரிக்கன்" என்று எழும்பினார் கடைக்காரர் தாஹிர்.

"அது உங்கட இடமில்ல தாஹிர். நீங்க இரும்பு."

"இரும்புக்குப் பசிக்காதா?"

பந்தல் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. படலைக்கு வெளியே ஒழுங்கைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். விரிவுரை வடிந்துபோன அந்த முகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. "சரி தாஹிர்..." என்று அவர் வாயெடுத்த நேரம், படலை திறந்தது.

மஹ்ரூப் காக்கா. பிந்தித்தான் வந்தார். முகத்தையும் தூக்கித்தான் வைத்திருந்தார். இரண்டு குணங்கள் சரி. அதைச் சபைக்குச் சுட்டிக்காட்ட மாஸ்டர் மறந்துபோனார்.

"காக்கா..."

"உனக்காக வரல்ல. நஜ்முன் நிஸா துறை தாண்டி வந்து வாசல்ல நிண்டு அழுதா. அதுக்காக வந்தனான்."

வெற்றிடத்தில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"நீயும் இரு."

"சகனுக்கு ஆறுபேர்தான் காக்கா. அதோட நான் அட்டவணையில அந்தக் கரை, நீங்க இந்தக் கரை. ஒண்டா இரிக்கிறது விதிப்படி..."

"இரு எண்டா இருடா."

விதியை மடித்துக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு மாஸ்டர் ஏழாவது ஆளாக ஒடுங்கினார்.

காக்கா முதற்பிடியை வாயில் வைத்தார். மாமன்மார்கூட மூச்சுவிடவில்லை. மூன்றாவது குணம் வெளிப்பட வேண்டிய தருணம். காக்கா மெதுவாக மென்றார். எதிரே, வியர்த்து வழியும் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா ஆக்கியிரிக்கான்" என்றார், எல்லோருக்கும் கேட்க. "உப்பு அளவு."

மாஸ்டரும் ஒரு பிடி தின்றார். நிமிர்ந்தார். வாய் திறந்தது, திறந்த வாயில் இன்னொரு பிடியை வைத்து மூடிக்கொண்டார். தம் வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு பிழையான விடையைத் திருத்தாமல் விட்டார். கண் கலங்கியிருந்தது. மிளகாய் என்றார்.

சோற்றில் உப்பே இல்லை.