முட்டை வண்டிக்குப் பெரிய டயர்

பெரியவள் வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, இனிமேல் நான் ஓட்டப்போவதில்லை என்று சொன்னபோது, சின்னவள் தன் ஒர்க்ஷாப்பில் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். தலையை மட்டும் வெளியே நீட்டி, யாரோடு சண்டை என்று கேட்டாள். அக்கா சாவியைத் தூக்கிப் போட்டால் எங்கேயோ சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. கோபமில்லாத அக்காவைப் பார்த்ததும் சின்னவள் ஸ்பானரைக் கீழே போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

பெரியவளுக்கு இடது முழங்கால் முழுசாக மடங்காது. கோழிக் கொட்டகையின் கூரையைச் சரிபார்க்க ஏணியில் ஏறி, ஏணியோடு சேர்ந்து இறங்கிய நாளிலிருந்து அப்படி. கிளட்சை மிதிக்க முடியாமல் சில வருஷம், எங்கே போவதானாலும் யாராவது கொண்டுபோய் விடட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காத்திருப்பது என்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. அந்த வருஷங்களில் வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாட்டை இங்கே எழுதினால் கதை வேறு பக்கம் போய்விடும். பிறகு, தானாகக் கியர் மாறும் ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்றை வாங்கினார்கள். இடது காலுக்கு வேலையே இல்லை, வலது கால் ஒன்று போதும். அன்றிலிருந்து பள்ளத்தில் இருக்கும் பண்ணையிலிருந்து மேட்டில் இருக்கும் கடைத்தெருவுக்குத் தினமும் முட்டை ஏற்றிப்போவது அவள்தான். அவள் கொண்டுவந்தால் முட்டை உடையாது என்று ரொட்டிக்கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

இப்போது உடைகிறதாம். மேட்டில் ஏறும்போது வண்டி திக்குகிறது, வெட்டுகிறது, பின்னால் ட்ரேக்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. வலது காலுக்கும் நிதானம் போய்விட்டது, வயசாகிறதில்லையா, என்று பெரியவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். வீட்டுக்காரர் ஒரு டிரைவரிடம் பேசிவிட்டார், அடுத்த வாரம் வந்துவிடுவான், அதுவரைக்கும் வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றாள்.

சின்னவளின் தொழிலே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் இன்ஜின் ட்யூனிங்கும்தான். ஒரு வண்டி திக்கினால் அவள் முதலில் சந்தேகப்படுவது வண்டியைத்தான், ஆளை அல்ல. வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பிக்கப் ஒரு சாண் வளர்ந்தமாதிரி நின்றுகொண்டிருந்தது. நான்கு பக்கமும் புத்தம்புது டயர், ஒவ்வொன்றும் குண்டு குண்டாக, பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது.

"இது எப்போ போட்டது?"

உன் அத்தான்தான் போட்டார் என்றாள் பெரியவள். மழையில் பாதை அரித்துப்போய், கல்லெல்லாம் துருத்திக்கொண்டு வண்டியின் வயிற்றை உரசியது. ஒவ்வொரு தடவை உரசும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் தன் வயிற்றைப் பிடித்துக்கொள்வாராம். அவள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து, சொல்லாமல்கொள்ளாமல் டயரை மாற்றி, வண்டியைக் கழுவி, வாசலில் நிறுத்திவைத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் இப்படி ரகசியமாக ஒரு காரியம் செய்ததே இல்லை. கல்யாணநாளைக்கே ஞாபகப்படுத்தினால்தான் சிரிப்பார். அன்றைக்கு மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, இனிமேல் ஒரு கல்லும் உன்னைத் தொடாது என்றாராம். வண்டியை என்று சொல்லவில்லை. உன்னை என்று சொன்னார். அதைச் சொல்லும்போது பெரியவளுக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது.

சின்னவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். கியர்பாக்ஸுக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே சுற்றை எண்ணிக்கொண்டிருக்கும். வண்டி நிஜத்தில் போகிற வேகம் ஒன்று, அது நினைத்துக்கொண்டிருக்கிற வேகம் ஒன்று. போதாக்குறைக்கு, பெரிய சக்கரத்தைத் திருப்ப இன்ஜின் கூடுதலாக மூச்சு வாங்க வேண்டும். மேடு வந்தால் மூன்றாவது கியரா நான்காவதா என்று தெரியாமல், மதில்மேல் பூனையாக இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் பின்னால் ஒரு முட்டை.

"அக்கா, கோளாறு உன் கால்ல இல்ல. டயர்ல. இது உனக்கே தெரியும்தானே?"

தெரியாமல் என்ன, டயர் மாற்றிய மறுநாளே தெரியும் என்றாள் பெரியவள். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதடி. பாவம், ஆசையா போட்டிருக்காரு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது ஊரறிந்த பழமொழி. இங்கே கூடம் நிஜமாகவே கோணல். கோணலாக்கியவர் மனசு நோகக்கூடாது என்று, நன்றாக ஆடுகிறவள் தனக்கு ஆட்டமே மறந்துவிட்டது என்கிறாள். சின்னவளுக்குக் கோபமும் வந்தது, அக்காவைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அவளுக்குத் திட்டத்தான் தெரியும். அசடே, இதற்காகவா ஓட்டுவதை விடுவாய், மறுபடி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரப்போகிறாயா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். டயரும் இருக்கட்டும், அத்தான் மனசும் இருக்கட்டும், கியர்பாக்ஸுக்குப் புத்தி சொல்வது என் வேலை, நாளைக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள் என்று அனுப்பிவைத்தாள்.

அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. லேப்டாப்பை வண்டியில் செருகி, புது டயரின் சுற்றளவை ஏற்றினாள். எந்த வேகத்தில் எந்தக் கியருக்கு மாறுவது என்பதைத் திருத்தினாள். கீழ்வேகத்தில் இன்ஜின் திணறாமல் இருக்க அதன் இழுவையையும் கொஞ்சம் தட்டிக்கொடுத்தாள். பிறகு அதே மேட்டில் தானே ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிறமாதிரி போனது. மூன்று போய் நான்கு வந்தது அவளுக்கே தெரியவில்லை. தன் முதுகில் தானே தட்டிக்கொள்ள முடியாததால் வண்டியின் முதுகில் தட்டினாள்.

மறுநாள் காலையில் பெரியவள் வந்து வண்டியை எடுத்துப்போய், முட்டை ஏற்றிக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு, நேராக ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி வந்தாள். பின்கதவிலிருந்து மஞ்சள் கரு ஒழுகிக்கொண்டிருந்தது.

சின்னவள் நம்பவில்லை. உடனே ஏறி, அதே மேட்டில் ஓட்டிக் காட்டினாள். ஒரு வெட்டு இல்லை, ஒரு திக்கல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவள், வண்டி நின்றதும் மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு நல்லாத்தான் ஓடுது. எனக்குத்தான் ஓடல. அப்போ கோளாறு எங்க இருக்கு, சொல்லு?"

நேற்று வரைக்கும் அவள் கால்மேல் பழி போட்டது அத்தானுக்காகச் சொன்ன பொய். இன்று அதை அவளே நம்பிவிட்டாள். நம்பவைத்தது வேறு யாருமல்ல, கூடப்பிறந்தவள். உதவி செய்யப்போய் உபத்திரவத்தை இழுத்துவிட்டோமே என்று சின்னவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பெரியவள் தன் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைச் சின்னவளால் தாங்கமுடியவில்லை.

சின்னவளுக்குக் கால் கனம். சின்ன வயசில் சைக்கிள் பெடலையே மிதித்து உடைத்தவள். ஆக்சிலரேட்டரில் கால் வைத்தால் வண்டி பறக்கவேண்டும், இல்லாவிட்டால் எதற்குக் கால் வைப்பது என்பது அவள் கொள்கை. அதுமட்டுமா, ஓட்டிப் பார்த்ததும் காலி வண்டியை. முட்டைக்காரியின் வண்டியை முட்டை இல்லாமல், முட்டைக்காரி இல்லாமல் ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று சான்றிதழ் கொடுத்த புத்திசாலி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கமுடியும் என்று தலையில் அடித்துக்கொண்டாள். இது தைத்துவைத்த சட்டையைத் தையல்காரியே போட்டுப் பார்த்துவிட்டு அளவு சரி என்று சொன்ன கதை.

நாளைக்கு நானும் வருகிறேன், நீ ஓட்டு என்றாள். எதற்கு, இன்னும் கொஞ்சம் முட்டையை உடைக்கவா என்றாள் பெரியவள். ஆமாம், உடைக்கத்தான், எத்தனை உடைந்தாலும் நான் ஆம்லெட் போட்டுத் தின்கிறேன், நீ ஓட்டு என்று சின்னவள் ஒரே பிடியாகப் பிடித்தாள். தங்கை பிடித்தால் விடமாட்டாள் என்பது தெரிந்து பெரியவள் சரியென்றாள்.

காலையில் பண்ணைக்குப் போய், ட்ரே முழுக்க முட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அத்தான் கொட்டகை வாசலில் நின்று கையசைத்தார். இன்றோடு கடைசியாக ஓட்டட்டும் என்று நினைத்திருப்பார் போல, சிரிப்பு முகத்தில் ஒட்டவே இல்லை. சின்னவள் மடியில் லேப்டாப். அதில் பெரியவளின் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது ஒரு கோடாகவும், கியர் மாறுவது இன்னொரு கோடாகவும் ஓடிக்கொண்டிருந்தன.

மேடு தொடங்கியது. வண்டி திக்கியது, வெட்டியது. பின்னால் ட்ரேக்கள் சிணுங்கின. பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரே கியரில் நிற்கும் என்று சின்னவள் வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டாள். அழுத்தச் சொல்வது சுலபம். முட்டை ஏற்றுகிறவள் கால் அப்படிப் பழகியிருக்கவில்லை. திரையைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஓரமா நிறுத்து."

நிறுத்தினாள். சின்னவள் லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பினாள். கியர்க் கோடு ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கால் கோடு அப்படி இல்லை. மேட்டின் அடியிலிருந்து கடைசி வரைக்கும், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரே நேராக இருந்தது.

"இதுதான் உன் கால். எத்தனையோ பேரு காலைப் பார்த்திருக்கேன், இப்படி ஒரு கோட்டைப் பார்த்ததே இல்ல. என் கோடெல்லாம் மலையும் பள்ளமுமா இருக்கும். உன் கால்ல நடுக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

பெரியவள் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். இது என்னுடையதுதானா என்று கேட்டாள். உன்னுடையதுதான் என்றாள் சின்னவள். சங்கதி இவ்வளவுதான்: பெரிய டயர் வந்ததில் கியர் மாறுகிற எல்லைக்கோடு நகர்ந்து, அக்காவின் கால் நிற்கிற இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது; சின்னவள் முதலில் செய்த திருத்தமும் அதை அங்கிருந்து நகர்த்தவில்லை. முரட்டுக்கால் அதைத் தாண்டிப் போய்விடும். நிதானமான கால் அதன்மேலேயே நிற்கும். நிதானம் தவறியிருந்தால் வண்டி ஒழுங்காக ஓடியிருக்கும் என்று சின்னவள் சொன்னதும், பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சீக்கிரம் செய்யடி, ரொட்டிக்கடை திறந்திருப்பார் என்று அதட்டினாள்.

ஓரத்திலேயே உட்கார்ந்து சின்னவள் வேலை செய்தாள். அக்காவின் கால் நிற்கிற இடத்தைச் சுற்றி எல்லையைத் தள்ளிவைத்தாள். மேட்டில் ஏறி முடியும்வரை மூன்றாவது கியரை விடாதே, மெல்லிய காலுக்கும் இழுவையைக் கொடு என்று எழுதினாள். வேறு யாருடைய காலும் அவள் கணக்கில் இல்லை. மறுபடி பள்ளத்துக்கு இறங்கி, மறுபடி ஏறினார்கள். வண்டி ஒரே மூச்சில், முணுமுணுத்துக்கொண்டு ஏறியது. ட்ரேக்கள் வாயைத் திறக்கவில்லை. மேடு முடிந்ததும் பெரியவள் கண்ணாடியைக் கீழே இறக்கி, காற்றை உள்ளே விட்டாள்.

காலி ட்ரேக்களோடு பண்ணைக்குத் திரும்பியபோது அத்தான் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சின்னவள் இறங்காமலே சொல்லிவிட்டாள், அக்காவுக்குக் காலில் ஒன்றுமே இல்லை, கம்ப்யூட்டரே சாட்சி என்று. அத்தான் கையிலிருந்த பிரஷ்ஷைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார். இரண்டு வாரமாகக் காணாமல் போயிருந்த மனிதர் திரும்பி வந்தமாதிரி இருந்தது அவர் முகம். பெரியவளின் பக்கத்துக் கதவைத் தானே திறந்துவிட்டார்.

"அப்போ இத்தனை நாளும் என்னதான் கோளாறு?"

சின்னவள் வாக்குக் கொடுத்திருந்தாள், ஆகவே வானத்தைப் பார்த்தாள். பெரியவள் தரையைப் பார்த்தாள். தரைக்குப் போகிற வழியில் டயர் இருந்தது. அத்தான் மெதுவான ஆள்தான், மக்கு இல்லை. அவரும் குனிந்து பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"டயர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே கழட்டிப் போட்டிருப்பேனே."

"தெரியும். அதான் சொல்லல" என்றாள் பெரியவள்.

அத்தான் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தப்பக்கம் திரும்பிப் போனை எடுத்தார். அடுத்த வாரம் வருவதாக இருந்த டிரைவரை அழைத்தார். வரவேண்டாம் என்றார். அந்தப் பையன் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"வீட்டுலயே ஓட்ட ஆள் இருக்குப்பா" என்றார். "நான்தான் கவனிக்கல."