நிறைஞ்சிருக்கு

தையலக்காவுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்குவதும், பின்பக்கத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. "ஊருக்கு உழைச்சு ஓடாத் தேஞ்சு போ!" என்று புருஷன் திட்டுவான். திட்டிவிட்டு அவனே வந்து தோட்டத்துக்கு வேலி கட்டிக் கொடுத்தான்.

தோட்டம் என்று சொன்னால் தோட்டமே கோபித்துக்கொள்ளும். கிணற்றில் உப்புத் தண்ணீர். நாலு பாத்தி கத்தரி வைத்தால் ஒரு பாத்தி பிழைக்கும். பிழைத்ததைப் பூச்சி தின்னும். ஆனால் அந்தப் பள்ளியில் படிக்கிற நாற்பத்தொரு பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் பகலில் அடுப்பு எரியாது. அதனால்தான் அக்கா விடாமல் ஊற்றினாள்.

போன மாதம் சமையல்காரம்மா இடுப்பு வலி என்று படுத்துவிட, இருப்பு எழுதுகிற வேலையும் அக்கா தலையில் விழுந்தது. மாதக் கடைசியில் சத்துணவு அலுவலகத்துக்கு ஒரு தாள் அனுப்ப வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மூன்று கட்டம். மூன்றும் தீரப்போகிற நிலை. இல்லை என்று எழுதித் தொலைக்க வேண்டியதுதானே? அக்கா பிறந்த வீட்டு அடுப்படியில் அந்தச் சொல் நுழைந்ததே இல்லை. அரிசி தீர்ந்தால், "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பார்கள். கேட்டவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். இல்லை என்று சொன்னால் இருப்பதும் போய்விடும் என்ற பயம். அக்கா மூன்று கட்டத்திலும் அழகாக எழுதினாள்: நிறைந்திருக்கிறது. பாவி மகள், இலக்கண சுத்தமாக வேறு எழுதினாள்! தலைமையாசிரியை படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினாள்.

இந்த மாதம் சரக்கு வண்டி வரவில்லை. கடிதம்தான் வந்தது. சரக்கு செலவாகாமல் தேங்கிக் கிடப்பதால் இந்தப் பள்ளியின் சமையல்கூடத்தை மூடுகிறோம், ஒதுக்கீட்டை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டோம் என்று.

அக்கா பஸ் பிடித்து அலுவலகத்துக்கு ஓடினாள்.

"தம்பி, நிறைஞ்சிருக்குன்னா தீந்துபோச்சுன்னு அர்த்தம்."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தான். சிரித்துவிட்டான். "எங்கம்மாவும் அப்படித்தாங்க்கா சொல்லுவாங்க."

"அப்ப மாத்தி எழுதிடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் சிரிப்பு நின்றது. "உங்களுக்கும் எனக்கும் புரியுது. மேல கையெழுத்துப் போட்டவருக்குப் புரியணுமே? சரக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துல இறங்கிடுச்சு. அங்கயும் பிள்ளைங்கதான். அவங்க தட்டுல இருந்து எடுக்கச் சொல்றீங்களா?"

அக்கா கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அடுத்த வருஷம் மனு போடுங்க" என்றான். அவனும் நல்லவன்தான், அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது வந்திருப்பாள்.

மறுநாள் காலை தோட்டத்தில் இருந்ததை எல்லாம் பறித்தாள். ஏழு கத்தரிக்காயும் ஒரு பிடி கீரையும் தேறின. அதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன செய்வது? தலைமையாசிரியை, "பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால முடியாது" என்று அறைக்குள் போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வந்து சமையல்கூடத்து வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்ற ஒன்றாம் வகுப்புக் குட்டி அண்ணாந்து கேட்டது. "அக்கா, சாப்பாடு இருக்கா?"

அப்படியே சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"நிறைஞ்சிருக்கு, கண்ணு."

"ஹே!" என்று ஒரே கூச்சல். நாற்பத்தொரு பேரும் ஓடிப்போய் வரிசையாக உட்கார்ந்து தட்டை முன்னால் வைத்துக்கொண்டார்கள். அக்கா மெல்ல நடந்துபோய் முதல் தட்டுக்கு முன்னால் குனிந்தாள்.

"இல்லடா கண்ணு. இல்ல."

அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்துக் குட்டி சிரித்தது. தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தது.