குரல் போன மத்தியானம்

மத்தியானம் ஒன்றரை மணிக்கு வந்த கடிதத்தைக் கம்ப்யூட்டர் குரலில் அவள் நான்கு முறை கேட்டாள். முதல் தடவை அவளுடைய வழக்கமான வேகத்தில். மற்றவர்கள் காதுக்கு அது தகரக் கூரையில் மழை பெய்வது போல் இருக்கும். கடைசித் தடவை ஒவ்வொரு சொல்லாக. எப்படிக் கேட்டாலும் சொல் மாறவில்லை. வேலை வேண்டாமென்று போன வாரம் நீங்கள் அனுப்பிய கடிதத்தை ஏற்றுக்கொண்டோம் என்றது அது.

அவள் அப்படி ஒரு கடிதம் அனுப்பவே இல்லை.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அவள் தொழில். மேஜைக்கு அடியில் கால் மிதி ஒன்று உண்டு. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார். நான் சொன்னதும் பேச்சை நிறுத்துகிற ஆண்கள் இவர்கள் மட்டும்தான் என்று சொல்லிச் சிரிப்பாள். அண்ணன் வீட்டின் பின்னறையில் பதினோரு வருஷமாக இதுதான் வாழ்க்கை. வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையில் இதே வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தங்குவதற்கு அறையும் தருவதாகச் சொன்னார்கள். யாரிடமும் மூச்சு விடாமல் விண்ணப்பித்தாள், தேர்வும் ஆனாள். அண்ணனிடம் எப்படிச் சொல்வதென்று நாளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கடிதம்.

மருத்துவமனைக்கு போன் செய்தாள். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகத்தான் பேசினார். கடிதம் உங்கள் மெயிலிலிருந்துதான் வந்திருக்கிறது; நீங்கள் அனுப்பவில்லையென்றால் அதே மெயிலிலிருந்து இன்று ஐந்து மணிக்குள் மறுத்து எழுதுங்கள்; அதற்கு மேல் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்றார்.

அடுத்து அவள் கூப்பிட்டது ரேடியோவை. பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சங்கத்தின் ஆசிரியர் அவர், அவருக்கும் பார்வை இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பதால் அந்தப் பெயர். அன்றைக்கு அவர் இரண்டே வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்.

"இப்ப உங்க போன்லேர்ந்துதானே பேசுறீங்க? வச்சுட்டு வேற போன்ல கூப்பிடுங்க."

மாடிப்படி இறங்கி, கீழே மருந்துக்கடையின் போனை வாங்கிக்கொண்டு, இருமல் மருந்து கேட்டு நின்றவர்களுக்கு நடுவில் அவள் பேசினாள். உளவு மென்பொருள் ஏதோ உள்ளே இருக்கிறது, நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்றார் ரேடியோ. அதை எடுக்காமல் நீங்கள் மறுத்து எழுதினாலும் அந்த ஆள் மறுபடி உங்கள் பேரில் எழுதிவிடுவான்; பாஸ்வேர்டை மாற்றினாலோ, புதுப் பூட்டு வாங்கிச் சாவியைத் திருடன் கையிலேயே கொடுத்தது போலாகிவிடும். குரலோடு ஒத்துப்போகிற ஒரு தடுப்பு மென்பொருளின் பெயரைச் சொன்னார். நிறுவியதும் ஸ்கேன் போடாதீர்கள், முதலில் அமைப்புகளுக்குள் போய் நம்பகமானவை என்ற பட்டியலில் திரைவாசிப்பானைச் சேர்த்துவிடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளும் விசைகளைக் கவனித்துக்கொண்டே இருப்பது. தடுப்பானுக்குத் திருடனுக்கும் காவல்காரனுக்கும் வித்தியாசம் தெரியாது. சங்கத்துக்கே போய்விடலாம் என்றால் பஸ்ஸில் மூன்று மணி நேரம். அப்போது மணி இரண்டே கால்.

நிறுவுவது வரை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அடுத்து, அடுத்து, சம்மதம், முடிந்தது. முதன்மை ஜன்னல் திறந்தது. டேப் விசையை அழுத்தினாள்.

பட்டன், என்றது குரல். மறுபடி அழுத்தினாள். பட்டன். மறுபடியும் பட்டன். மொத்தம் ஏழு பட்டன், ஒன்றுக்கும் பெயர் இல்லை. ரேடியோ பழகியது பழைய பதிப்பு. புதிதில் யாரோ அழகுக்காக எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் படங்களை வைத்திருந்தார்கள். பார்க்கிறவனுக்கு அங்கே பல்சக்கரமோ கேடயமோ தெரிந்திருக்கும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்று ஊரார் சொல்வதைக் கேட்டால் அவளுக்கு எப்போதும் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

முதல் பட்டன் ஏதோ விளம்பரப் பக்கத்தைத் திறந்தது. இரண்டாவது ஒன்றுமே செய்யவில்லை. மூன்றாவது மொழியை மாற்றியது. குரல் புரியாத ஏதோ பாஷையை உளற, அதைத் திருப்பிக் கொண்டுவர இருபது நிமிஷம் போயிற்று. விரல் நுனிகள் வியர்த்து விசைகளில் வழுக்கின. மணி மூன்றே கால். நான்காவதை அழுத்தினாள்.

ஸ்கேன் தொடங்கியது என்றது குரல்.

நிறுத்தப் பார்த்தாள். எஸ்கேப் விசை கேட்கவில்லை. பன்னிரண்டு சதவீதம், இருபது, முப்பத்தைந்து. நாற்பத்தொன்றில், அச்சுறுத்தல் கண்டு, என்ற இடத்தில் குரல் பாதிச் சொல்லோடு அறுந்தது.

திரைவாசிப்பானை எழுப்பும் விசைகளை அழுத்தினாள். பத்து முறை அழுத்தினாள். காதை மேஜைமேல் வைத்துக் கேட்டாள். விசிறி சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. திருடனைப் பிடிக்க வந்தவன் வீட்டுக்காரியின் வாயைக் கட்டிவிட்டுப் போயிருந்தான். பதினோரு வருஷத்தில் அந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. 

அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி பள்ளிச் சீருடை தைப்பவள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. நாத்தனார் ஒரு சுமை என்று அண்ணி நினைப்பதாக அவள் நினைத்திருந்தாள். அண்ணியிடம் சொன்னால் அது மாலைக்குள் அண்ணனுக்குப் போய்விடும் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் வேறு கண் இல்லை.

கூப்பிட்டாள். மெஷின் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னாள். வேலை, கடிதம், ஐந்து மணி.  அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். சிவப்பில் இரண்டு வரி இருந்தன. ஒன்று திரைவாசிப்பான். இன்னொன்று கேள்விப்படாத பெயர். அதை நீக்கு என்ற இடத்தில் அமுக்கியதும் புதிதாக ஒரு சின்னப் பெட்டி வந்தது.

"இதை எடுக்கணும்னா பாஸ்வேர்ட் போடணுமாம்," என்றாள் அண்ணி. "மறந்துபோச்சுன்னா ஒரு மெயிலுக்கு அனுப்புவாங்களாம். மெயிலைப் பாதி மறைச்சுப் போட்டிருக்கு."

"மறைக்காத பாதியைப் படிங்க அண்ணி."

அண்ணி படிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "இது உங்க அண்ணனோடது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இருந்தாலும் அந்தப் பூதத்தை அவள் முழுதாகத் தெரியாதவள் அல்ல. இந்தக் கம்ப்யூட்டரை வாங்கித் தந்தவன் அண்ணன். போனும் அவன் தந்ததே. போன மாசம் 'சர்வீஸ்' செய்கிறேன் என்று ஒரு ஞாயிறு முழுக்க இதன் முன்னால் உட்கார்ந்திருந்ததும் அவன்தான். மத்தியானத்திலிருந்து யார் யார் என்று கேட்டுக்கொண்டிருந்த மனசு அந்த ஒரு பக்கம் மட்டும் திரும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அழுகை வந்தது. அழ நேரம் இல்லை. மணி நாலரை என்றாள் அண்ணி. பிறகு, அவர் எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் போடுவார் என்று சொல்லி, கரண்ட் பில் கட்டும்போது தான் போடுவதை ஒற்றை விரலால் போட்டாள். திறந்துகொண்டது. உள்ளே அவன் கண்காணிக்கும் கருவிகளின் பட்டியல் இருந்தது. தங்கை கம்ப்யூட்டர் என்று படித்தாள். தங்கை போன் என்று படித்தாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"மூணாவதா என் போன் இருக்கு."

 அண்ணியின் கை தன் கைமேல் வந்து பட்டதையும், அது குளிர்ந்திருந்ததையும் அவள் உணர்ந்தாள். முதல் இரண்டையும் அண்ணி நீக்கினாள். மூன்றாவதையும் எடுத்துவிடுங்கள் என்று இவள் சொன்னதற்கு, அண்ணி வேண்டாமென்றாள்.

"உன்னோடது போனா கத்துவார். என்னோடதும் போனா..." என்று தொடங்கியவள் அதை முடிக்கவில்லை. "அது கிடக்கட்டும்."

திரைவாசிப்பானைத் தடுப்பானின் சிறையிலிருந்து மீட்கும் வழியை அண்ணியால் படித்துப் படித்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. குரல் திரும்பி வந்தபோது மணி ஐந்து அடிக்க நாலு நிமிஷம். பாஸ்வேர்டை மாற்றினாள். கடிதத்தை எழுதி அனுப்பினாள். நேரம் என்ன என்று குரலிடம் கேட்டாள். ஐந்து ஒன்பது.

அண்ணன் ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டான். இரண்டு கருவிகள் கைவிட்டுப் போனது அவனுக்கு வழியிலேயே தெரிந்திருந்தது. அவன் மறுக்கவில்லை. கத்தவும் இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பாப்பா, முன்பின் தெரியாத ஊர்ல உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நான்தானே?"

"என் பேர்ல நீங்க எழுதினீங்களாண்ணா?"

"எழுதினேன். உன் நல்லதுக்குத்தான் எழுதினேன்."

அவனுடைய குரலில் பொய் இல்லை. டாக்டர்களின் குரலைக் கேட்டுக் கேட்டு, யார் எதை மறைக்கிறார்கள் என்று மூச்சிலேயே கண்டுபிடிக்கிறவள் அவள். அவன் அதை உண்மையாகவே நம்பினான்.  பாஸ்வேர்ட் எப்படிக் கிடைத்தது என்று அவன் கேட்டபோது, நானே ஊகித்தேன் என்று மட்டும் சொன்னாள். அண்ணி அடுத்த அறையில் மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. ஐந்து மணிக்கே அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டோம், மீண்டும் இடம் வந்தால் தெரிவிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையே அவள் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். வேலை இல்லை, அறை இல்லை. சங்கத்து விடுதியில் ஒரு கட்டில் மட்டும் உண்டு என்று ரேடியோ சொல்லியிருந்தார். அண்ணன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அண்ணிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விடுதிக்கு வந்து ஏழு மாதமாகிறது. பழைய டாக்டர்களில் பாதிப்பேர் இன்னும் அவளுக்கே பதிவுகளை அனுப்புகிறார்கள். ஞாயிறுதோறும் அண்ணிக்குப் போன் செய்கிறாள். சீருடைக்கு நூல் கிடைத்ததா, அங்கே மழையா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று இருவரும் பத்து நிமிஷம் பேசிக்கொள்கிறார்கள். பட்டியலில் மூன்றாவதாக இருந்த அந்தப் போனில் வேறு எதையும் பேசுவதில்லை.