ஒரு நாள் இரவல்

“கயித்தைத் தாண்டாதீங்க பெரியவரே,” என்றார் காவலாளி.

“தாண்டலப்பா. எங்க வீட்டுச் சாமானை எட்டிப் பாக்குறேன்.”

தலைவரின் நினைவில்லத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சக்கர நாற்காலியைத்தான் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவருக்கு முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். கடைசிக் கூட்டத்தன்று தலைவரின் நாற்காலிச் சக்கரம் கழன்றுபோக, “ஒரு நாளைக்கு உன் வீட்டுக்காரியோடதைக் குடுய்யா” என்று அவரே வாய்விட்டுக் கேட்டார். மறுக்க நாக்கு எழுமா? மூன்றாம் நாள் தலைவர் போய்ச் சேர்ந்தார். வீட்டை நினைவில்லமாக்கியவர்கள் அறையில் இருந்ததற்கெல்லாம் எண் ஒட்டினார்கள், அதற்கும் ஒட்டினார்கள். எட்டு மாதமாக டிரைவரின் மனைவி கட்டிலே கதியென்று கிடக்கிறாள். முதுகில் புண் வந்துவிட்டது.

பக்கத்தில் வழிகாட்டி ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தான். “கைப்பிடியில கருகின தழும்பு தெரியுதா? எதிரிங்க எறிஞ்ச வெடி!”

“வெடியுமில்ல, வெங்காயமுமில்ல,” என்றார் டிரைவர். “இஸ்திரிப் பெட்டி சுட்டது. எம் பொண்டாட்டி அந்த நாற்காலியில உக்காந்துதான் தலைவரய்யா சட்டையெல்லாம் தேய்ப்பா.”

கூட்டம் சிரித்தது. வழிகாட்டிக்கு முகம் சுண்டிப்போயிற்று. சத்தம் கேட்டு வந்த பொறுப்பாளர் அம்மாள், டிரைவரைத் தன் அறைக்கு அழைத்துப் போய் கனிவாகத்தான் உட்காரவைத்தார். டிரைவர் சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினார். நாற்காலியில் மனைவி, கையில் இஸ்திரிப் பெட்டி, பின்னால் கொடியில் தலைவரின் சட்டைகள். வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடி எடுத்த ஒரே போட்டோ.

அம்மாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நிஜம் பெரியவரே.”

டிரைவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. “வெளியில ஆட்டோ நிக்குதும்மா. ஏத்திக்கிட்டுப் போயிடுறேன்.”

“ஐயையோ! இத்தனை நாளும் அது வெறும் நாற்காலி. இப்பத்தானே அதுக்கு ஒரு கதையே கிடைச்சிருக்கு! டிரைவர் வீட்டு நாற்காலியில தலைவர்... இதைப் பாக்கவே ஜனம் வருமே. எண் விழுந்த பொருள் வாசலைத் தாண்டாது பெரியவரே. என்னாலயே முடியாது.”

“வேற ஒண்ணாவது குடுங்கம்மா. வாங்க எனக்கு வக்கில்ல.”

“மனு எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்.”

“நாலு குடுத்தாச்சும்மா.”

“அஞ்சாவதையும் குடுங்க,” என்றார் அம்மாள். அவர் கை அதற்குள் போட்டோவின் பின்பக்கத்தில் ஓர் எண்ணை எழுதிக்கொண்டிருந்தது.

வீட்டில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் காலடிச் சத்தத்திலேயே கேட்டாள். “கிடைச்சுதாங்க?”

“நம்மளுதுதான்னு ஒத்துக்கிட்டாங்க.”

“நான் கேட்டது நாற்காலியை.”

டிரைவர் புண்ணில் படாமல் அவளை இந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார்.

“சரி, விடுங்க,” என்றாள் அவள். “அந்தப் போட்டோவையாவது காட்டுங்க. நான் உக்காந்திருக்கிறதைப் பாக்குறேன்.”

டிரைவரின் கை சட்டைப்பை வரை போயிற்று, அங்கேயே நின்றுவிட்டது.