காதில் மணியடித்த மருந்து

1

ஒரு மருந்தை முதலில் கண்டவருக்கு நன்றி சொல்ல ஆள் தேடிக் கிடைக்காமல் போனதால் பிறந்த கதை இது. என் தங்கை பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவள். காட்டோர விடுதியொன்றில் பழைய பியானோவைச் சரிசெய்யப் போனவள் மலேரியாவோடு திரும்பினாள். அவளைப் பிழைக்க வைத்தது கொயினா, அதாவது குவினைன் மருந்து. அது சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. ஆகவே மரத்திலிருந்தே தொடங்கினேன்:

மலைச்சரிவில் குளிரில் நடுங்கிய ஒருத்தி, பசி தாளாமல் பட்டையை உரித்து மென்று

நிறுத்திவிட்டேன். பசித்தவள் இவ்வளவு கசப்பை விழுங்குவாளா? துப்பியிருப்பாள்.

2

அடுத்து, பழைய கதையொன்றில் வரும் ஐரோப்பியச் சீமாட்டியை அழைத்து வந்தேன்.

[பட்டைத்தூளால் அவள் காய்ச்சல் தீர்ந்ததாம், மரத்தின் பெயரே அவளால் வந்தது. கதை பொய் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். பட்டையின் அந்தக் குணத்தை முதலில் கண்டவர் மலைவாசிகளில் யாரோ. பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. வில்லோ மரப்பட்டையைக் காய்ச்சிக் குடித்து வலியைத் தணித்துக்கொண்டவர்களுக்கும் இதே கதிதான். அவர்கள் போட்ட தடத்தில் நடந்துதான் ஆஸ்பிரின் வரை வந்தோம்.]

சீமாட்டி எனக்கு ஒத்துவரவில்லை. படுத்த படுக்கையிலேயே பெயரைத் தட்டிக்கொண்டு போனவள். நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

3

டிரிப்ஸில் மருந்து ஏறத் தொடங்கிய மறுநாள் காலை தங்கை கண் விழித்தாள்.

"அக்கா, யாரு மணி அடிக்கிறா?"

யாரும் அடிக்கவில்லை. நான் பேசியதும் அவளுக்குப் பாதிதான் கேட்டது. நர்ஸை அழைக்கும் பொத்தானை அழுத்தினேன். நர்ஸ் வந்ததும் தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இது மருந்தாலயா?"

"ஆமாம்மா. கொயினா ஏறினா காது இரையும்."

"அப்ப நிறுத்திடுங்க. காதுதான் எனக்குச் சோறு போடுது."

நர்ஸ் கட்டிலோரம் உட்கார்ந்தார். அவளுக்குக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. காது பெரும்பாலும் திரும்பிடும். முழுசா திரும்பும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. டாக்டர்கிட்ட சொல்றேன், அளவைப் பாத்துக்குவாங்க. ஆனா மருந்து ஓடியாகணும்."

ஊரில் பிசகிய கம்பிகளையெல்லாம் முறுக்கித் திருத்தியவளுக்கு, தன் காதுக்குள் கைவிட வழியில்லை. கடைசியில் ஊசி குத்தியிருந்த கையை அசையாமல் நீட்டி வைத்தாள்.

"ஓடட்டும் சிஸ்டர். ஆனா இந்த மணி அடிக்கிறவனுக்குச் சுருதி ஞானமே இல்ல."

நர்ஸ் சிரித்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். [அழுதேன் என்று எழுதி அடித்துவிட்டேன். திரும்பிக்கொண்டது போதும்.]

4

காய்ச்சல் இறங்கியது. இரைச்சலும் மெல்ல அடங்கியது. குணமானபின் முதல் வேலைக்கு ஓர் இசைப்பள்ளிக்குப் போனாள், துணைக்கு நான்.

முடிவு ஒன்று: எல்லாக் கட்டைகளும் முன்போலவே கேட்டன.

முடிவு இரண்டு: வலக்கோடியிலிருந்த உச்சச் சுரங்கள் அவளுக்கு ஊமையாகி

இதைப் படித்த தங்கை இரண்டையும் அடிக்கச் சொன்னாள். "என் காதைப் பத்தி நீ என்னக்கா முடிவு பண்றது?" நியாயம்தான்.

ஆகவே பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். வலக்கோடிக் கட்டையை அழுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தாள்.

"கேக்குதாடி?"

"கொஞ்சம் இரு அக்கா. உயிரோட வந்து இதை அழுத்துறேன்ல, அதை முதல்ல அனுபவிச்சுக்கறேன்."

மறுபடி அழுத்தினாள். பிறகு என்னைக் கட்டையை அழுத்தச் சொல்லிவிட்டு, இடது கையைப் பியானோவின் மரத்தில் பதித்து, வலது கையிலிருந்த திருகுசாவியால் கம்பியை முறுக்கத் தொடங்கினாள். மாலையில் யாரோ அதில் வாசித்தார்கள். சுருதி சுத்தமாக இருந்தது. காதால் கேட்டுச் சேர்த்தாளா, கையில் பட்ட அதிர்வாலா? அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.